முதற் பெட்டியும் இரண்டாம் பெட்டியும்: வைன் கிளப்பில் சேரும் வன்னிப் பிள்ளைகளுக்கு

கடந்த தை மாதம் அக்காவின் புதுவீட்டுக் குடிபுகுதல் முடிந்த இரவு, அலுமாரியிலிருந்து ஒரு சிவப்பு வைன் போத்தலை எடுத்து என் கையில் தந்தார்கள். அதற்கு முந்திய ஆவணியில் அக்காவின் மகன், என் மருமகன், லண்டனிலிருந்து வந்தபோது கொண்டுவந்தது. “நல்ல நாளுக்குத் திறக்கலாம், வைத்திருக்க வைத்திருக்க ருசி கூடும்” என்று தாயிடம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். ஆவணி, புரட்டாதி வெயில் முழுவதையும் அந்தப் போத்தல் பழைய வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழே நின்றே கழித்திருக்கிறது. கையில் வாங்கியதுமே எனக்கு விளங்கிவிட்டது. தக்கை ஒரு நெல்மணி உயரத்துக்கு மேலே எழும்பி, மூடியிருந்த தாளைத் தள்ளிக்கொண்டு நின்றது. கழுத்தைச் சுற்றி வழிந்து காய்ந்திருந்த சிவப்புக் கோடு விரலில் பாணிபோல ஒட்டியது. திறந்து ஊற்றினால் செங்கல் கரைத்த தண்ணீரின் நிறம். வாயில் வைத்தால் திராட்சை வற்றலை அவித்துப் பிழிந்த சாறு. கிணற்றடியில் ஊற்றிவிட்டேன்.

அடுத்த நாள் மருமகனை அழைத்துக் கேட்டேன். இணையத்தில் ஒரு வைன் கிளப்பில் சேர்ந்திருக்கிறானாம். மாதம் ஒரு பெட்டி, பெட்டிக்கு 12 போத்தல். அறையிலே கட்டிலுக்குக் கீழே, சூடேற்றும் குழாயின் பக்கத்தில், இன்னும் 19 போத்தல்கள் கிடக்கின்றன என்றான். “நிறுத்துவது எப்படி என்று தெரியவில்லை மாமா.”

நான் லண்டனின் புறநகரொன்றில், நம்மவர் ஒருவரின் கடையில், மதுத் தட்டுக்குப் பொறுப்பாகப் பல ஆண்டுகள் நின்றவன். இப்போது முழங்காவிலில் தோட்டம் செய்கிறேன். மருமகனுக்குச் சொன்னவற்றை அவனுடைய நண்பர்களும் கேட்டார்கள். அவர்கள் எல்லோரும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்திலிருந்து படிப்புக்கும் வேலைக்குமாகப் பிரித்தானியா போனவர்கள். அதனால் எழுதுகிறேன். கணக்குகள் பிரித்தானியாவுக்கு உரியவை. கனடா, பிரான்ஸ், சுவிஸ் என்றால் வரியும் சட்டமும் வேறு. சுவை பார்க்கும் முறையும் சந்தாவின் பொறியும் எங்கும் ஒன்றுதான். இந்தக் கிளப்புகள் இலங்கைக்கு அனுப்புபவை அல்ல. இங்கே 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்க முடியாது. மது விளம்பரத்துக்கும் தடை இருக்கிறது.

தொடங்குமுன் ஒன்று. குடிக்காதவர் இதைப் படித்துவிட்டுக் குடிக்கத் தொடங்க வேண்டாம். வன்னியில் எத்தனையோ வீடுகளுக்குக் குடி என்ற சொல் அடியையும் கடனையும்தான் கொண்டுவந்தது. மாலையானால் படலைச் சத்தத்துக்குப் பயந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்த வீட்டிலிருந்து போன ஒருவருக்கு வாசலில் மாதா மாதம் மதுப் பெட்டி வந்து இறங்குவது நல்லதில்லை. ஏற்கெனவே அளவாகக் குடிப்பவர், விலைக்கேற்ற நல்ல பொருளை வாங்கப் பழக வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் உங்கள் அளவைக் கணக்கிடுங்கள்

கிளப்பின் பக்கத்தைத் திறக்குமுன் ஒரு தாளும் பேனாவும் எடுங்கள். சாதாரணப் போத்தலில் 750 மில்லிலீற்றர் இருக்கிறது. 150 மில்லிலீற்றர் வீதம் ஐந்து தரம் ஊற்றலாம். பிரித்தானிய சுகாதாரத் துறை மதுவை ‘யூனிட்’ என்ற அளவில் கணக்கிடுகிறது. 13 வீதம் மது உள்ள வைன் ஒரு போத்தல் ஏறத்தாழ 10 யூனிட். வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம், அதையும் மூன்று நாளுக்குக் குறையாமல் பிரித்துக் குடிக்க வேண்டும் என்பது அவர்களின் அறிவுரை. அப்படியானால் 12 போத்தல் பெட்டி ஒன்று, அந்த எல்லையின் விளிம்பிலேயே குடிக்கும் ஒருவருக்குக்கூட எட்டு வாரத்துக்கு மேல் போதும். விருந்தாளியும் வருவார், சில வாரம் தொடவே மாட்டீர்கள். தனியாள் ஒருவருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு பெட்டியே தாராளம். மாதம் ஒரு பெட்டி கேட்டு அழுத்திய மருமகன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

கள்ளுக் குடித்துப் பழகியவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். கள்ளு 5 வீதத்தின் அயலில் நிற்கிறது, சாராயம் 33 வீதத்துக்கு மேல். வைன் பெரும்பாலும் 11 முதல் 14 வரை. தவறணையில் கள்ளை ஊற்றும் அளவில் வைனை ஊற்றினால் எழும்ப முடியாது.

பிறகு பணம். மாதம் 25 பவுண் என்றால் இன்றைய மாற்று விலையில் ஏறத்தாழப் பத்தாயிரம் ரூபா. அனுப்பிவைத்தவரின் கடன் இன்னும் கட்டி முடியாதிருந்தால், அம்மாவின் நகை அடகில் இருந்தால், கிளப்பை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். கடையில் ஒரு போத்தல், மாதக் கடைசியில் இன்னொன்று, அதுவே போதும்.

எந்த வகைக் கிளப் என்று தெரிந்து சேருங்கள்

‘கிளப்’ என்று ஒரே பெயரில் மூன்று வேறு ஏற்பாடுகள் நடக்கின்றன.

ஒன்று, குறித்த இடைவெளியில் பெட்டி அனுப்புவது. நீங்கள் ‘வேண்டாம்’ என்று சொல்லாதவரை அடுத்த பெட்டி வந்துகொண்டே இருக்கும். லெய்த்வெயிட்ஸ் நிறுவனம் 1969இல் தொடங்கியது; 1973இல் அதன் கையால் வந்த சண்டே டைம்ஸ் வைன் கிளப் இந்த வழிக்குப் பழைய உதாரணம். பிரான்சின் பொர்தோவிலிருந்து வான் வண்டியில் வைனை ஏற்றிவந்து நேரே வீட்டுக்காரருக்கு விற்ற தொழில்தான் பின்பு தபாலுக்கும் இணையத்துக்கும் மாறியது.

இரண்டாவது, சீட்டுப் பிடிப்பதுபோல. நேக்கட் வைன்ஸ் 2008இல் கொண்டுவந்த முறை இது: மாதா மாதம் 25 பவுண் உங்கள் பெயரில் சேரும், விரும்பும்போது அந்தப் பணத்துக்கு வைன் எடுக்கலாம். சேர்ந்து கிடப்பது உங்கள் பணம், கட்டணம் இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் சேர்கிற பணம் செலவழிக்கச் சொல்லி உள்ளே உறுத்தும். சேர்ந்த தொகையைப் பார்த்து வாங்காமல், வீட்டில் மிஞ்சியிருக்கும் போத்தலைப் பார்த்து வாங்கத் தெரிந்தவருக்கே இது பொருந்தும்.

மூன்றாவது வகையை நம்மவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பணம் கட்டாத குடும்பம் வன்னியில் இருந்திருக்காது, அதே ஏற்பாடுதான். வைன் சொசைட்டி என்ற கூட்டுறவு 1874இல் தொடங்கியது. அந்த ஆண்டு லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் நடந்த சர்வதேசக் கண்காட்சிக்குப் போர்த்துக்கல்லிலிருந்து வந்த வைன் பீப்பாக்கள் கவனிப்பாரின்றி நிலவறையில் தேங்கிவிட, அவற்றை விற்றுக்கொடுக்கக் கூடியவர்களே சங்கமானார்கள். 40 பவுண் பங்கு ஒரு தடவை கட்டினால் வாழ்நாள் முழுவதும் உறுப்பினர். அதன் பின் மாதாந்தக் கட்டாயம் எதுவும் இல்லை, ஒரு போத்தலும் வாங்கலாம், ஒரு வருடம் வாங்காமலும் இருக்கலாம். புதிதாகத் தொடங்குகிற ஒருவர் என்னிடம் கேட்டால் இந்த வகையைத்தான் முதலில் காட்டுவேன். 40 பவுண் கனமாகத் தெரிந்தால் இரண்டு நண்பர்கள் ஒரு வீட்டில் இருக்கும்போது ஒருவர் பெயரில் சேர்ந்து பகிருங்கள்.

முதற் பெட்டியின் விலையில் இரண்டாம் பெட்டியைத் தேடுங்கள்

பெரும்பாலான கிளப்புகள் முதற் பெட்டியைப் பாதி விலைக்கும் அதற்குக் குறைவாகவும் தரும். அதில் ஏமாற்று இல்லை, பொருளும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அந்தப் பெட்டியில் அவர்கள் உழைப்பது வாடிக்கையாளரை. இலாபம் இரண்டாம், மூன்றாம் பெட்டியில்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். லண்டனில் இருந்தபோது ஒரு கிளப்பில் 50 பவுணுக்கும் குறைவாக 12 போத்தல் கிடைத்தது. மகிழ்ந்து வாங்கினேன். மூன்று மாதம் கழித்து நான் வன்னிக்கு வந்து முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்தடியில் இறால் வாங்கிக்கொண்டு நிற்கும்போது வங்கியிலிருந்து குறுஞ்செய்தி: 120 பவுணுக்கு மேல் கழிக்கப்பட்டுவிட்டது. பெட்டி பக்கத்து வீட்டில் இறக்கப்பட்டிருந்தது. ‘அடுத்த பெட்டி தயாராகிறது, வேண்டாம் என்றால் இந்தத் தேதிக்குள் சொல்லுங்கள்’ என்ற மின்னஞ்சல் மூன்று வாரம் முன்பே வந்து, விளம்பரக் கடிதங்களோடு கிடந்தது. கிளப் சொன்னதைத்தான் செய்தது. நான் அந்தச் சிறிய எழுத்தை வாசிக்கவில்லை.

ஆகவே அட்டை எண்ணைப் பதியுமுன் நான்கு கேள்விக்கு விடை கண்டு தாளில் எழுதுங்கள். இரண்டாம் பெட்டி எத்தனை பவுண்? அது எந்தத் தேதியில் புறப்படும்? எத்தனை நாளுக்கு முன் சொன்னால் நிறுத்தலாம்? நிறுத்துவதற்கு இணையத்தில் பொத்தான் இருக்கிறதா, தொலைபேசியில்தான் பேச வேண்டுமா? நான்காவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தொலைபேசியில் நிறுத்தப் போனால் மறுமுனையில் இனிமையாகப் பேசும் ஒருவர் இன்னொரு தள்ளுபடியோடு காத்திருப்பார். ஆங்கிலம் இன்னும் தயங்கித் தயங்கி வரும் பிள்ளை ‘சரி’ என்று சொல்லிவிட்டு வைத்துவிடும். மருமகனுக்கு நடந்தது அதுதான், இரண்டு தடவை.

தேதியைத் தொலைபேசியில் நினைவூட்டலாக வைக்கும்போது ஒரு கிழமை முந்தியே வையுங்கள். இணையத்தில் வாங்கிய பொருளுக்குப் பிரித்தானியச் சட்டம் கைக்குக் கிடைத்ததிலிருந்து 14 நாள் மனம் மாற இடம் தருகிறது. திறக்காத பெட்டியைத் திருப்பலாம், அனுப்பும் செலவு உங்கள் தலையில் விழக்கூடும்.

விலைக்குள் என்ன இருக்கிறது

மலிவு வேண்டும் என்று ஆக மலிவான பெட்டிக்குப் போகாதீர்கள். 2025 பெப்ரவரி முதல் பிரித்தானியாவில் வைன் வரி மதுவின் வீதத்துக்கு ஏற்றபடி போடப்படுகிறது. 2025இன் கணக்கில் 13 வீத வைன் ஒரு போத்தலுக்கு வரி 2.88 பவுணாக இருந்தது. அதற்கு மேலே விற்பனை வரி 20 வீதம். 6 பவுண் போத்தலை எடுத்தால் விற்பனை வரி 1 பவுண், மது வரி 2.88. மிச்சம் 2.12. அந்த 2.12க்குள் கண்ணாடிப் போத்தல், மூடி, கப்பல், லொறி, விற்பவரின் பங்கு எல்லாம் போய்த்தான் திராட்சை வளர்த்தவருக்கு ஏதாவது கிடைக்க வேண்டும். 10 பவுண் போத்தலில் விற்பனை வரி 1.67, மது வரி அதே 2.88, மிச்சம் 5.45. விலை இரண்டு மடங்கு ஆகவில்லை, ஆனால் வரி போக மிஞ்சுவது இரண்டரை மடங்கு. எனவே 8 முதல் 11 பவுண் வரை உள்ள போத்தல்தான் ஒரு தொழிலாளியின் பணத்துக்கு உண்மையான பெறுமதி தருவது. மாதம் நான்கு போத்தல் 6 பவுணுக்கு வாங்குவதிலும் இரண்டு போத்தல் 10 பவுணுக்கு வாங்குங்கள். உடம்புக்கும் அதுவே நல்லது.

கிளப் காட்டும் ‘வழமையான விலை 15.99, உங்களுக்கு 9.99’ என்பதை நம்பி மகிழ வேண்டாம். பல கிளப்புகளின் போத்தல்களில் அவர்களுக்கென்றே அடித்த சிட்டை (லேபிள்) இருக்கும், வேறு கடையில் அதே பெயரில் கிடைக்காது, ஒப்பிட வழியில்லை. திராட்சையின் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எடுத்து, அதே வகை வைன் அயற்கடையில் என்ன விலை போகிறது என்று பாருங்கள்.

இப்போதே குடிக்கும் வைன்

இதைத்தான் மருமகனுக்கு விளக்க எனக்கு நெடுநேரம் எடுத்தது. பிறகு கள்ளை வைத்துச் சொன்னேன், உடனே விளங்கிவிட்டது. விடியற்காலையில் இறக்கிய கள்ளு இனிப்பு. வெயில் ஏற ஏற இனிப்புக் குறைந்து வெறி ஏறும். மாலையில் புளிப்பு. மறுநாள் காடிக்குத்தான் ஆகும். முட்டிக்குள் ஒரு மணிக்கூடு ஓடுகிறது என்பது பனைக்குக் கீழே வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். வைனுக்குள்ளும் அதே மணிக்கூடுதான், மெதுவாக ஓடுகிறது. பொர்தோவின் பெரிய பண்ணைகள், இத்தாலியின் பரோலோ, வின்டேஜ் போர்ட் போன்ற சிலவற்றில் அது பத்து, இருபது வருடம் ஓடும்; அவை இளமையில் துவர்த்து இறுகியிருக்கும், காத்திருக்க வேண்டும். 10 பவுண் போத்தல் அந்தச் சாதி இல்லை. அது வாங்கிய வருடமே, மிஞ்சினால் அடுத்த வருடம் குடிப்பதற்காகச் செய்யப்பட்டது. பழமையால் அதற்குப் பெருமை வராது, பழச்சுவைதான் போகும்.

பெட்டியைத் தெரிவு செய்யும்போது சிட்டையில் ஆண்டைப் பாருங்கள்: வெள்ளையும் ரோஸும் (இளஞ்சிவப்பு வைன்) ஒன்று இரண்டு வருடத்துக்குள், சாதாரணச் சிவப்பு மூன்று நான்கு வருடத்துக்குள். ‘இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை குடிக்கலாம்’ என்று கிளப்பே குறிப்பிட்டிருந்தால் இந்த ஆண்டு அதற்குள் இருக்க வேண்டும். திருகு மூடி போட்டதைக் கண்டு மட்டமென்று தள்ள வேண்டாம். உடன் குடிக்கும் வைனுக்கு அது மிக நல்ல மூடி.

வகை என்று கேட்டால்: வெள்ளையில் போர்த்துக்கல்லின் வின்யு வெர்து, தென்னாபிரிக்கச் செனான் பிளாங், சிலியின் சோவின்யொன் பிளாங், இனிப்புத் தங்கிய ஜெர்மன் ரீஸ்லிங். சிவப்பில் ஸ்பெயினின் கர்னாச்சா, பிரான்சின் போஜொலே, கோத் து ரோன், சிலியின் மெர்லோ. முதற் பெட்டியில் இரண்டு நிறமும் கலந்து எடுங்கள். எல்லாம் ஒரே சிவப்பாக எடுத்தால் உங்கள் நாக்கைப் பற்றி எதுவும் தெரியவராது.

சைவ உணவு மட்டும் கொள்பவருக்கு ஒரு குறிப்பு. வைனைத் தெளியவைக்கச் சில இடங்களில் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பொருளும் முட்டை வெள்ளைக்கருவும் பயன்படுகின்றன. பின் சிட்டையில் ‘வேகன்’ என்று இருந்தால் அந்தக் கவலை இல்லை. கிளப்பின் தளத்திலும் அதைத் தெரிந்தெடுக்க வழி இருக்கும்.

பெட்டி வந்த நாள்

கதவைத் தட்டுபவர் வயதை உறுதிப்படுத்த அடையாள அட்டை கேட்பார்; 18 ஆகியிருக்க வேண்டும். வேலைக்குப் போகிற நேரத்தில் வரும் என்றால் பகிர்ந்து வாழும் வீட்டு முகவரியைவிட, பொதி எடுக்கும் கடையை முகவரியாகக் கொடுங்கள். திறந்ததும் போத்தல்களை எண்ணி, கேட்டவைதானா என்று பட்டியலோடு ஒப்பிட்டு, உடைந்திருந்தால் அன்றே படம் எடுத்து அனுப்புங்கள். பின்பு படிக்கட்டுக்குக் கீழே, இருட்டான, சூடேற்றி இல்லாத மூலையில் வையுங்கள். சமையலறை அலுமாரியும் சூட்டுக் குழாயின் பக்கமும் வேண்டாம்.

சுவை பார்க்கும் இரவு

மருமகனிடம் கிடந்த 19 போத்தலில் நான்கைத் தெரிந்தெடுக்கச் சொன்னேன். அவனும் அறைத் தோழர் மூவரும், நான் இங்கே முற்றத்தில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டும் அமர்ந்தோம். அங்கே அவர்களுக்கு மாலை, இங்கே நுளம்புத்திரி எரிகிற இரவு. தனி வைன் கிளாஸ் வாங்கவில்லை, ஒரே அளவான நான்கு சாதாரணத் தம்ளர் போதும் என்றேன். அதில் மூன்று விரல் உயரமும் இல்லை, இரண்டு விரல். வெள்ளையைப் பிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் கழித்தும், சிவப்பைப் பிரிட்ஜில் இருபது நிமிடம் வைத்தும் ஊற்றினார்கள். சிவப்பை அறைச் சூட்டில் குடிக்க வேண்டும் என்பது சூடேற்றி இல்லாத காலத்து அறைக்குச் சொன்னது. 16 முதல் 18 பாகைக்கு மேலே போனால் மதுவின் காரம்தான் மூக்கில் ஏறும்.

“என்ன மணக்கிறது?” என்று கேட்டேன். நால்வரும் பேசவில்லை. கிளப்பின் தாளில் பிளாக்கரன்ட், செர்ரி, தேவதாருப் பெட்டி என்று எழுதியிருந்தது. அவற்றைத் தெரியாதவன் வாய் திறக்கக் கூச்சப்படுகிறான். “தாளை வை. ஊரிலே என்ன பழம் தின்றாய்?” என்றேன். அப்போதுதான் முல்லைத்தீவுப் பையன் சொன்னான்: “அண்ணை, நாவற்பழம். தின்ற பிறகு நாக்கு இழுக்குமே, அது.” அவன் சொன்னது முழுச் சரி. ஆங்கிலப் புத்தகங்கள் ‘டானின்’ என்று இரண்டு பக்கம் விளக்குவதற்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது, துவர்ப்பு. ஆறு சுவையில் ஒன்றாக அதை எண்ணிவைத்தவர்கள் நாம். பாலைப்பழத்தின் பிசுபிசுத்த இனிப்பு, வீரைப்பழம், பழுக்காத வாழைக்காய், தேசிக்காய்த் தோல், புளியம்பழம், மழைக்கு முதல் எழும்பும் மண் மணம் எல்லாம் வைனுக்குச் சொல்லத் தகுந்த சொற்களே. காட்டுப் பழம் பொறுக்கித் தின்ற பிள்ளைக்கு மணத்தில் குறைவில்லை.

தாளில் நான்கு கோடு கீறச் சொன்னேன்: இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு, காரம். ஒவ்வொரு தம்ளருக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை குறி. கடைசியில் ஒரே கேள்வி, இதை மறுபடியும் பணம் கொடுத்து வாங்குவாயா? மருமகன் துவர்ப்பு நான்கு போட்ட இரண்டையும் வேண்டாம் என்றான். அவனுக்கு இதுவரை வந்த பெட்டிகளெல்லாம் கடும் சிவப்பு. விருப்பமில்லாததைத்தான் மாதா மாதம் பணம் கொடுத்து இறக்கியிருக்கிறான். இந்தத் தாளைத் தொலைக்காதீர்கள். பல கிளப்புகளில் வாங்கிய போத்தலுக்கு மதிப்பெண் போடலாம். அங்கே உள்ளதை உள்ளபடி போட்டால் அடுத்த தெரிவுக்கு அதுவே உங்களுக்குக் கைகொடுக்கும்.

உணவோடு சேர்ப்பதில் நம் கறிக்கு ஒரு தனிக் கவனம் வேண்டும். துவர்ப்பும் மதுவீதமும் கூடிய சிவப்பு, மிளகாய்த்தூள் தூக்கலான ஆட்டிறைச்சிக் கறியோடு சேர்ந்தால் வாய் எரியும். குளிர்ந்த, சற்றே இனித்த ரீஸ்லிங் அதே கறியை அணைக்கும். ரீஸ்லிங் சிட்டையில் ‘காபினெட்’ என்றிருந்தால் மதுவீதமும் குறைவாக, பலவேளை பத்துக்குள்ளேயே இருக்கும். இறால் பொரியலுக்கும் சொதிக்கும் வின்யு வெர்து. தேசிக்காய் பிழிந்த மாதிரி வேலை செய்யும். போஜொலேயைக் குளிரவைத்துக் கோழிக் குழம்போடு குடிக்கலாம். பாரை மீன் குழம்பில் பழப்புளி கூடினால் வைனைத் தனியே குடித்துவிட்டுப் பிறகு சாப்பிடுங்கள், இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும்.

திறந்த போத்தலை அன்றே முடிக்க வேண்டியதில்லை. மூடியைத் திருகிப் பிரிட்ஜில் வைத்தால் சிவப்பும் வெள்ளையும் மூன்று நான்கு நாள் நிற்கும்.

பழுதான போத்தல்

தக்கை போட்ட போத்தலில் எப்போதாவது நனைந்து முளை பிடித்த நெற்சாக்கின் மணம் வரும். பழமெல்லாம் செத்து, ஈரமட்டை மணம் மட்டும் நிற்கும். அது தக்கையிலிருந்து வரும் பழுது, குடித்தால் தீங்கில்லை, ஆனால் பணம் கொடுத்து வாங்கியவர் அதைச் சகிக்கவும் வேண்டாம். மூடி வைத்துவிட்டுக் கிளப்புக்கு எழுதுங்கள். நல்ல கிளப்புகள் வாதாடாமல் பணத்தைத் திருப்பித் தரும். நம் பிள்ளைகள் முறைப்பாடு எழுதக் கூச்சப்படுகிறார்கள்; மூன்று வரி போதும்: போத்தலின் பெயர், வாங்கிய தேதி, ஈரச் சாக்கு மணக்கிறது, பணத்தைத் திருப்பித் தாருங்கள்.

நிறுத்துவது

இரண்டாம் பெட்டி புறப்படும் தேதிக்கு ஒரு கிழமை முன் தாளை எடுங்கள். நான்கில் மூன்று போத்தலை மறுபடியும் வாங்குவேன் என்று குறித்திருந்தால் தொடருங்கள், இடைவெளியை மட்டும் மூன்று மாதமாக்குங்கள். இல்லாவிட்டால் நிறுத்துங்கள். தளத்தில் பொத்தான் இருந்தால் அழுத்திவிட்டுத் திரையைப் படம் பிடித்து வையுங்கள். தொலைபேசியில்தான் முடியுமென்றால் மின்னஞ்சலும் அனுப்புங்கள், எழுத்தில் இருப்பது பிறகு துணை. அவர்கள் தள்ளுபடி சொன்னால், “நன்றி, நிறுத்திவிடுங்கள்” என்பதையே மூன்று தரம் சொல்லலாம். மருமகனுக்கு அந்த ஒரு வசனத்தை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்துவிட்டு அழைத்தான். ஏழு நிமிடத்தில் முடிந்தது. சீட்டு வகையில் சேர்ந்த பணம் மிஞ்சியிருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள்.

ஊருக்குக் கொண்டுவருபவர்களுக்கு

ஆவணி விடுமுறையில் வருகிறவர்கள் இரண்டு போத்தலுக்கு மேல் சுமக்க வேண்டாம். திருகு மூடியுள்ளதாகப் பார்த்து, உடுப்புக்கு நடுவே சுற்றி, கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வரும் வான் வண்டியில் பின்பக்கக் கண்ணாடியடியில் போடாமல் காலடியில் வையுங்கள். கிளிநொச்சி வந்து சேர ஏழெட்டு மணித்தியாலம், மூடிய வானுக்குள் வெயில் வைனை வேகவைத்துவிடும். மடு மாதா கோயிலுக்கோ வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கோ நேரே போகும் பயணம் என்றால் போத்தலைக் கொண்டுவராமலே விடுங்கள். வீட்டில் பிரிட்ஜ் இருந்தால் கீழ்த்தட்டு. இல்லையென்றால் மண்பானையில் தண்ணீர் விட்டு அதற்குள், ஈரச் சாக்குச் சுற்றி, வீட்டின் இருண்ட மூலையில் இரண்டு மூன்று நாள் தாங்கும். வந்த கிழமைக்குள் திறந்துவிட வேண்டும். அன்பளிப்பாகக் கொடுக்கும்போதும் அதைச் சொல்லியே கொடுங்கள், இல்லாவிட்டால் நம் அம்மாமார் அதைப் பட்டுச்சேலைபோல அலுமாரியில் வைத்துப் பாதுகாப்பார்கள்.

இந்த ஆவணியில் மருமகன் ஒரு போத்தல் கொண்டுவந்தான். கர்னாச்சா, திருகு மூடி. வந்த அன்றிரவே, அக்கா இறாலை மிளகாய் குறைத்துப் பொரித்துவைக்க, முற்றத்தில் திறந்தோம். அக்கா குடிப்பதில்லை. தம்ளரை மட்டும் வாங்கி மூக்கருகே கொண்டுபோய், சற்று நேரம் வைத்திருந்து, மகனைப் பார்த்து, “இதென்ன தம்பி, நம்முடைய குளக்கட்டு நாவல்மரத்தடி மணக்கிறது” என்றார்.